பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்த வாத்தியக் குழு

விண்ணப்பப் பாரத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: புதியவர், ஓரளவு பழகியவர், தேர்ந்தவர். வாத்தியம் என்ற இடத்தில் மாண்டலின் என்று எழுதிவிட்டு மூன்றாவது கட்டத்தில் சரி போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் தந்தி வாத்தியக் குழுவில் வாசித்தவள் நான். தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். சான்றிதழ் வைத்திருப்பவள் நடுக்கட்டத்தில் சரி போட்டால் அந்தச் சான்றிதழுக்கு என்ன மரியாதை?

பாரம் நிரப்புவதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஆறு முடித்து, பல்கலைக்கழகமும் போன முதல் ஆள் நான். மலாக்கா மாநிலத்தில் நியாலாசுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வீடுகளில் எங்கள் வரிசைக்கு எந்தப் பாரம் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது, உதவித்தொகை, மின்சார மீட்டர் மாற்றுவது, எல்லாம். பன்னிரண்டு வயதிலிருந்து நிரப்புகிறேன். கறுப்பு மை, பெரிய எழுத்து, கட்டத்துக்கு வெளியே ஒரு கோடும் போகக் கூடாது. இப்போது ஜாசினில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கும் வேலை. அங்கேயும் நாள் முழுக்கக் கட்டங்கள்தான்.

அந்த நிகழ்ச்சியின் அறிவிப்பு வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜாசினில் ஒரு சமூக மண்டபம். யார் வேண்டுமானாலும் தன் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வரலாம். குலுக்கல் போட்டு ஐந்து ஐந்து பேராகப் பிரிப்பார்கள். ஒன்றரை மணி நேரம் பழகிவிட்டு மேடையில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். நடத்துபவர்கள் புளூகிராஸ் வாசிக்கும் ஒரு சிறு கூட்டம். அது என்ன என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் மலைப்பக்கத்து மக்களிடமிருந்து வளர்ந்த இசையாம். பாஞ்சோ, வயலின், மாண்டலின், கிட்டார். வட்டமாக நின்று வாசிப்பார்கள். பாட்டு ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வொருவராகத் தனியாக ஒரு சுற்று வாசிப்பார்கள். அது மலாக்காவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பலரைக் கேட்டுவிட்டேன். இருவர் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

என்னை இழுத்தது வேறொரு கேள்வி. பல்கலைக்கழகத்தில் ஐந்து பாட்டுக்கு மூன்று மாதம் பழகுவோம். ஆளுக்கொரு தாள் இருக்கும், எதிரே கோல் பிடித்து ஒருவர் நிற்பார். முன்பின் தெரியாத ஐந்து பேர் தாளும் கோலும் இல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் எப்படிச் சேர்ந்து வாசிப்பார்கள்? யார் தொடங்குவது? நிறுத்த வேண்டும் என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போக நினைத்தேன். ஆனால் அம்மாவிடம் சொல்லும்போது, "மேடையில வாசிக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். அம்மா அதை வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மாவும், அவரோடு செம்பனைத் தோப்பில் உதிரிப்பழம் பொறுக்கும் ஏழெட்டுப் பெண்களும் ஞாயிறு காலை வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். எல்லார் தலையிலும் பூ.

மண்டப வாசலில் மேசைமேல் மூன்று பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த பெண்மணி விளக்கினார். முதல் இரண்டு டப்பாக்களில் புதியவர்கள், ஓரளவு பழகியவர்கள். மூன்றாவது டப்பாவில் தேர்ந்தவர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்றாவது டப்பாவிலிருந்து ஒரு சீட்டு. அந்த ஆள்தான் தலைவர். பாட்டைத் தேர்ந்தெடுப்பது, சுருதி சொல்வது, மேடையில் யார் எப்போது தனியாக வாசிக்க வேண்டும் என்று காட்டுவது, பாட்டை முடிப்பது, எல்லாம் தலைவர் பொறுப்பு.

இதைப் பாரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன்.

நான்காவது குழுவுக்கு என் சீட்டை எடுத்தார்கள். என் பெயரைப் பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டார்கள். பின்வரிசையிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தலைவியாம்டி ஒம் மக!"

அம்மா கைதட்டவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என் தேர்வு முடிவு வந்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குழுவுக்கு மண்டபத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை கிடைத்தது. என்னோடு நான்கு பேர். பாஞ்சோ வைத்திருந்தவர் மலாக்கா டவுனில் ஓர் அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழிவந்தவர், பேச்சில் அந்த ஓசை போகவில்லை. அவரை அங்கிள் என்றோம். டோலக் வைத்திருந்த அக்கா பெம்பான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். வெள்ளிக்கிழமை பஜனையில் வாசிப்பாராம். கிட்டார்காரர் ஜாசினில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சீனர். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசினார், நடுநடுவே ஒரு 'லா' மட்டும் சேரும். கடை முதலாளி என்பதால் எல்லாரும் தவுக்கே என்று கூப்பிட்டார்கள். வயலின் வைத்திருந்தவர் ஒரு மலாய்க்காரர், பள்ளி ஆசிரியர். மலாய் மொழியில் ஆசிரியரைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், வேறு பெயர் தேவையில்லை.

"நான் புது ஆள்தான் பிள்ளை," என்றார் அங்கிள். "ஒன்பது வருஷமாப் பழகுறன். இன்னும் பிடிபடேல்லை."

ஒன்பது வருடம் பழகிவிட்டு முதல் கட்டத்தில் சரி போட்டிருக்கிறார். எனக்குக் காது சூடானது. ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கைப்பையிலிருந்த நோட்டை எடுத்து, பல்கலைக்கழகத்தில் வாசித்த ஒரு மெட்டை ஐந்து கோடு போட்டுச் சுரமாக எழுதினேன். நான்கு பிரதிகள். இருபது நிமிடம் போனது. மற்ற குழுக்களின் பாட்டுச் சத்தம் வரத் தொடங்கிவிட்டது. இவர்கள் நால்வரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே எனக்காகக் காத்திருந்தார்கள்.

தாளைக் கொடுத்தேன். சிக்கு பார்த்துச் சிரித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா அதால் விசிறிக்கொண்டார். தவுக்கே தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இதுல எந்தப் பக்கம் லா மேல?"

"வடிவா எழுதியிருக்கிறீர்," என்றார் அங்கிள். "ஆனா எனக்கு உது வாசிக்கத் தெரியாது."

"அப்ப எப்படி அங்கிள் எல்லாரும் ஒண்ணா வாசிப்பீங்க?"

"முகத்தைப் பாத்துத்தான் பிள்ளை. தலைவர் ஆரைப் பாத்துத் தலையாட்டுறாரோ அவர் அடுத்தது. வேண்டாமெண்டா அவர் இல்லையெண்டு தலையாட்டுவார். கடைசிச் சுற்று வந்ததும் தலைவர் காலைத் தூக்கிக் காட்டுவார். இப்பிடி." அவர் வலது காலை முன்னால் நீட்டித் தூக்கினார்.

அக்கா டோலக்கை வெடுக்கென்று மடிக்கு இழுத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அங்கிள்! பூ போட்டுக் கும்புடுற டோலக்கு. அதுக்கு நேரா கால நீட்டுறீங்களே!"

அங்கிள் பதறிப்போனார். "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை. அந்தப் புளூகிராஸ் கூட்டத்தில எல்லாரும் செய்யிறவை. எங்கட ஆக்களோட இருக்கிறன் எண்டது மறந்துபோச்சு." அவரும் குனிந்து டோலக்கைத் தொட்டுக் கும்பிட்டார்.

"கால மேல தூக்குனாத்தான் தப்பா, சைடுல தூக்கலாமா?" என்று தவுக்கே கேட்டார். காலைத் தூக்க வேண்டிய ஆள் யார் என்று எல்லாருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேடையை நினைத்துப் பார்த்தேன்: முன்வரிசையில் பெரியவர்கள், பின்வரிசையில் அம்மா, நடுவில் பஞ்சாபி சூட் போட்ட நான் காலைத் தூக்கிக் காட்டுகிறேன்.

"நா தூக்க மாட்டேன்," என்றேன். தலைவியாக நான் எடுத்த முதல் முடிவு அது.

பாட்டை அக்கா தந்தார். ஆடித் திருவிழாவில் அவர்கள் தோட்டத்தில் அடிக்கும் கும்மியின் மெட்டு. இரண்டு வரி பாடுவதற்குள் தவுக்கேயின் விரல்கள் கிட்டாரில் இடம் பிடித்துவிட்டன. "மூணே மூணு பிடிதான் லா இதுல," என்றார். அங்கிள் மூன்றாவது வரியில் சேர்ந்துகொண்டார். சிக்கு இரண்டாவது சுற்றில். உண்மையில் புளூகிராசில் மத்தளமே கிடையாது என்று அங்கிள் நடுவில் சொல்ல, "அப்ப நா வூட்டுக்குப் போவட்டா?" என்று அக்கா அடியை நிறுத்தாமலே கேட்டார்.

நான் மட்டும் வெளியே நின்றேன். மெட்டு காதில் இருக்கிறது, வாயில்கூட வருகிறது, விரலுக்கு மட்டும் வரவில்லை. விரல் தாளுக்காகக் காத்திருந்தது. இதற்கு முன் அதை நான் கவனித்ததில்லை. இவர்கள் விரல்களில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவர் கையாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது, என்னை அறியாமல் தலையை ஆட்டினேன். உடனே சிக்கு தனியாக வாசிக்கத் தொடங்கினார். அதே நேரம் அங்கிளும் தொடங்கினார். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன.

"ஏம்மா, நீ எதுக்குத் தலைய ஆட்டுன?" என்றார் அக்கா. "அவரு வரணும்னா, இவரு வரணும்னா, வேணாம்னா?"

"நல்லாருக்குன்னு ஆட்டுனேன்கா."

"நல்லாருந்தா வாயில சொல்லு. மண்டைய ஆட்டாத. நாலு பேரும் ஒம் மண்டையத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

இரண்டாவது தடவை சிக்குவை வாய்திறந்தே கேட்டேன், அவர் வந்தார். மூன்றாவது தடவை பாட்டு முடியவே இல்லை. முடிப்பது என் வேலை. எனக்கோ எப்படி என்று தெரியவில்லை. பதினோரு சுற்று போனது. அக்கா கையை உதறிக்கொண்டு நிறுத்தினார். இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

"எனக்குத் தெரியல," என்றேன். "பாரத்துல தேர்ந்தவர்னு போட்டுட்டேன். அது தப்பு. எனக்குத் தாளைப் பாத்து வாசிக்கத்தான் தெரியும்."

எங்கள் வீட்டு வரிசையில் தெரியாது என்று நான் சொன்னதே இல்லை. தெரியாத பாரம் வந்தால் "நாளைக்கு வாங்க" என்பேன். அதற்குள் எங்காவது தேடிக் கண்டுபிடித்துவிடுவேன். இங்கே நாளை இல்லை.

பிறகு தவுக்கே ஒரு வழி சொன்னார். "போர்டுல இருக்கிற பேரு இருக்கட்டும். அங்கிள் கண்ணக் காட்டட்டும், நீ அதப் பாத்துத் தலையாட்டு. கீழ இருக்கிறவங்களுக்கு என்னா தெரியப் போவுது?"

அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், மிகவும் பிடித்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாது, சின்னம்மாவுக்குத் தெரியாது, வேனில் வழிநெடுகத் தலைவியாகவே வீடு திரும்பலாம். அங்கிளும் ஒத்துக்கொண்டார். சிக்கு மட்டும் மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னார்: "சற்றுமுன் ஒரு தடவை, சிக்கு நீங்கள் வாசிக்கிறீர்களா என்று வாய்திறந்து கேட்டாய். அப்போது நான் சரியாக வந்தேன். நீ தலையாட்டும்போதுதான் குழம்புகிறேன்."

"மேடையில எப்படிக் கேக்க முடியும் சிக்கு? முன்னால மைக் இருக்கு. தலைவிக்கே தெரியலன்னு எல்லாருக்கும் கேக்குமே."

அவர் தோளைக் குலுக்கினார். அங்கிளின் கண்தான் என்று முடிவு செய்துகொண்டு மேடை ஏறினோம்.

முதல் சுற்று நன்றாகப் போனது. அக்கா பாடினார், எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். நானும் மூன்று பிடிகளைத் தவுக்கேயின் கையைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். பின்வரிசையில் பூ வைத்த தலைகள் தாளத்துக்கு அசைவது தெரிந்தது. முதல் சுற்று முடிந்தது. நான் அங்கிளைத் திரும்பிப் பார்த்தேன்.

அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் அவர் இப்படி மூடவே இல்லை. மேடைக் கூச்சமோ, ஆனந்தமோ, இறுக மூடியிருந்தார். இன்னொரு அரைச் சுற்று ஓடியது. சிக்கு வில்லைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார். தவுக்கே என்னைப் பார்த்தார். அக்கா பாட்டை நிறுத்திவிட்டு டோலக்கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். மைக்குக்கு எட்டாமல் பேச இடமே இல்லை.

"சிக்கு, நீங்க வாசிக்கிறீங்களா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். சிக்கு, "போலே!" என்று மலாயில் சம்மதம் சொல்லிவிட்டு வில்லைத் தந்தியில் இறக்கினார். மெட்டு வேறு எங்கோ போய், ஒரு குலுக்குக் குலுக்கி, சரியான இடத்தில் வந்து நின்றது. எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"தவுக்கே, நீங்க?"

"ஐயோ, எனக்கு வேணாம் லா! அங்கிளக் கேளு!"

இப்போது எல்லாருமே சிரித்தார்கள். "அங்கிள்!" என்று கூப்பிட்டேன். அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "ஆ, வாறன், வாறன்," என்று வாசிக்கத் தொடங்கினார். ஒன்பது வருடத்துப் புதியவர். முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டார்.

அவர் முடித்ததும், அடுத்து யாரைக் கேட்பது என்று நான் திரும்புவதற்குள் அக்காவே மைக்கில் கேட்டார். "எல்லாரையும் கேட்டியே. ஒன்ன யாரு கேக்குறது? வாசிக்கிறியா?"

வேண்டாம் என்று தலையாட்டலாம். அது முறைதான், தவுக்கே கூட அதைத்தான் செய்தார். ஆனால் என் விரலுக்கு இப்போதாவது வருமா என்று எனக்கே பார்க்க வேண்டும்போல் இருந்தது. வாசித்தேன். இரண்டு வரிகள். முதல் வரி வந்தது. இரண்டாவதில் இரண்டு இடத்தில் வழுக்கினேன். மூன்றாவதாக ஓர் இடம் தவறாகப் போய், அந்தத் தவறு நன்றாகவே கேட்டது. அதை அப்படியே விட்டேன்.

"முடிச்சிரலாமா?" என்று நால்வரையும் கேட்டேன்.

"இன்னும் ஒரு சுத்து!" என்றார் அக்கா. மண்டபம் கைதட்டிச் சேர்ந்துகொண்டது. ஒரு சுற்று போனது. "இப்ப?" என்றேன். "இப்ப!" என்றார்கள். நிறுத்தினோம். தவுக்கே மட்டும் ஒரு தட்டுப் பிந்தி நின்றார்.

வேனுக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கேள்வியும் இருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீ ஏன் எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருந்த? தலைவின்னா நீதான சொல்லணும்?"

அந்த இசையின் முறையே அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருப்பார். சின்னம்மா அதை வரிசை முழுக்கச் சரியாகச் சொல்லியும் இருப்பார். நான் சொல்வது எதையும் அவர்கள் சந்தேகப்பட்டதே இல்லை. நான் தப்பித்துக்கொள்ள அதுவே வழி. தப்பித்தால் இனி எப்போதும் இதே போலத் தப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "அந்தப் பாரத்துல தப்பான கட்டத்துல சரி போட்டுட்டேன். அதனாலதான் தலைவி ஆக்கிட்டாங்க. எப்படி நடத்துறதுன்னு எனக்குத் தெரியல. அதான் கேட்டேன்."

அம்மா வேன் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"நீயா? பாரத்துலயா?"

"ஆமாம்மா."

முதலில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு முடியவில்லை. சிரித்தார். கதவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். என்னைப் பார்த்து அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிறுவயதில் எனக்கு முன்னால் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள், படிக்கிற பிள்ளை என்று.

"அடிப்பாவி!" என்று வேனுக்குள்ளிருந்து சின்னம்மா கத்தினார். "எம் மவன் காலேஜு பாரத்த இவதான போட்டா! அதுல எந்தக் கட்டத்துல என்னாத்தப் போட்டாளோ!"

"அதெல்லாம் சரியாத்தான் போட்ருக்கேன் சின்னம்மா!"

"அன்னைக்கும் இப்டித்தான் சொன்ன!"

வேன் கிளம்பியது. நானும் அவர்களோடு ஏறிக்கொண்டேன். எத்தனை கட்டம் இருந்தது என்று அம்மா கேட்டார். மூன்றையும் சொன்னேன். இப்போது கொடுத்தால் எதில் போடுவாய் என்று கேட்டார். நடுவில் என்றேன். பின்னால் இருந்த பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டாவது வரி தவறு என்று தங்களுக்கே தெரிந்துவிட்டது என்றார்கள். ஒருவர் அதைப் பாடியே காட்டினார், நான் வழுக்கிய இடம் உட்பட. அவர் பாடியதில் நான் விட்ட சுரம் எது என்று எனக்குச் சட்டென்று கேட்டது. இன்னொரு முறை பாடச் சொல்லி, மாண்டலினை உறையிலிருந்து எடுத்தேன்.

"மொதல்ல இவள ஒரு கட்டத்துல ஒக்கார வைங்க," என்றார் சின்னம்மா. "வேன் குலுங்குது, மூஞ்சியில இடிச்சிக்கப் போறா."

"அடுத்த தடவ பாரத்த எங்கிட்டக் கொண்டா," என்றார் அம்மா. "நா போட்டுத் தரேன்."